தெரியாத ஒன்றைக் கையில் எடு

அன்பு மகளுக்கு,

போன வாரம் நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலையில் குறையில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரோடும் மனத்தாங்கல் இல்லை, ஆனாலும் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றாய். திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றாய். கடைசியில், "எனக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது அம்மா" என்று உனக்கு நீயே தீர்ப்பும் எழுதிக்கொண்டாய். அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

செக்குமாட்டை யாராவது சோம்பேறி என்பார்களா? நாள் முழுக்க நடக்கிறது. நீயும் அப்படித்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறாய். ஆனால் செய்வதெல்லாம் உனக்கு முன்பே தெரிந்தவை. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் நீ பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிட்டு, "அம்மா, இன்றைக்குப் புரிந்துவிட்டது!" என்று கத்துவாய். என்ன புரிந்தது என்று எனக்குப் புரியாது, ஆனால் உன் குரலைக் கேட்டாலே போதும், நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது அந்த வேலை உன்னிடம் எதையும் கேட்பதில்லை. கை பாட்டுக்குச் செய்கிறது, மனம் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் மனம் வாடத்தானே செய்யும்?

உ.வே. சாமிநாதையரைப் பள்ளியில் படித்திருப்பாய். ஓலைச்சுவடி தேடி அலைந்தவர் என்பதோடு பாடம் முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. 1880இல் அவருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். இவர் படித்ததில்லை.

அந்த ஒரு கேள்வியை உதறிவிட்டுப் போயிருந்தாலும் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. நல்ல ஆசிரியர் என்ற பெயரோடு காலம் தள்ளியிருக்கலாம். அவரோ, தெரியாத அந்த நூலைக் கையில் எடுத்தார். சமண சமயச் செய்திகள் பிடிபடாதபோது, அந்த ஊரில் இருந்த சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர், வேறொருவரிடம் போய் ஒன்றும் அறியாதவராக உட்கார்ந்தாரே, அந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

அலுப்பு வந்தவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறாயா? விடியற்காலை நாலு மணிக்கு எழுகிறேன், இனிப்பை விடுகிறேன், தினம் இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று சபதம் எடுக்கிறார்கள். சிலருக்கு அது உதவலாம். உனக்கு உதவாது என்றுதான் நினைக்கிறேன். ஏற்கெனவே கடமைகளால் நிறைந்திருக்கும் நாளில் இன்னொரு கடமை சேரும், அவ்வளவுதான். தவறினால் தண்டனை வேறு.

நான் புத்தக பைண்டிங் பழகியது உனக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் பகலெல்லாம் ஒரே மாதிரி கழிந்த காலம் அது. முதுகு பிய்ந்த ஒரு பழைய அகராதியைக் கட்டுவோம் என்று தொடங்கினேன். பக்கங்களைத் தைத்து, அட்டையில் காகிதத்தை ஒட்டி, கனம் வைத்து அழுத்தினேன். காய்ந்ததும் அட்டை படகு போல வளைந்து நின்றது. ஏன் வளைகிறது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகின்றன. அந்தத் திசையில் மடித்தால் சொன்னபடி மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். பசையின் ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் விரிவதில்லை, அகலத்தில்தான் விரிகிறது. அதனால் அட்டை, காகிதம் எல்லாவற்றின் ஓட்டமும் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கையில் கிடைக்கும் தாளையெல்லாம் மடித்துப் பார்க்கிறேன். காலையில் எழும்போதே இன்றைக்கு என்ன முயன்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஆகவே நீ எடுப்பது சின்னதாக இருக்கட்டும், உனக்குத் தெரியாததாக இருக்கட்டும், அதற்கு ஒரு முடிவும் இருக்கட்டும். "ஓவியம் கற்றுக்கொள்கிறேன்" என்பதற்கு முடிவில்லை. "என் ஜன்னலை மூன்று விதமான வெளிச்சத்தில் வரைந்து அம்மாவுக்கு அனுப்புகிறேன்" என்பதற்கு உண்டு. எந்த நாள், எந்த இடம், எத்தனை மணிக்கு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடு.

மனம் வரட்டும் என்று காத்திருக்காதே. மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்றே, முதலில் சின்னச் சின்னச் செயல்களைத் தொடங்கவைத்து, உற்சாகம் பின்னால் வர இடம் கொடுப்பதுதான். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று மூட்டை கட்டிவிடவும் வேண்டாம். இருபத்தொரு நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சராசரியாக 66 நாள் ஆகிறதாம். ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு போகிறது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் வந்ததாகவும் அவர்கள் காணவில்லை.

இன்னொன்றையும் தாயாகச் சொல்லத்தான் வேண்டும். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், மனம் இருண்டே இரண்டு வாரம் போனால் அதை வெறும் அலுப்பு என்று நினைத்துவிடாதே. மருத்துவரைப் பார். என்னிடம் மறைக்காதே. எந்த நேரமானாலும் கூப்பிடு.

என்ன எடுப்பது என்று தெரியவில்லையா? ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். சிறுமியாக இருந்தபோது மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு விண்மீனுக்கும் பெயர் கேட்பாய். பெர்சியஸ் விண்மீன் குழுவில் அல்கோல் என்று ஒரு விண்மீன் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு நாள் இருபத்தொரு மணி நேரத்துக்கு ஒருமுறை அது மங்கி, சில மணி நேரத்தில் பழையபடி ஒளிர்கிறது. வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். வானத்தில் அதைக் கண்டுபிடி. பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, எப்போது மங்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவை. ஏன் மங்குகிறது என்பதை எங்கும் படித்துவிடாமல் முதலில் நீயே யோசித்துப் பார்.

அதுதான் வேண்டும் என்றில்லை. எதை எடுத்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதி அனுப்பு. இனி நான் போன் செய்யும்போது எவ்வளவு முடித்தாய் என்று கேட்கமாட்டேன். எங்கே சிக்கியிருக்கிறாய் என்றுதான் கேட்பேன். எனக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை, விவரமாகச் சொல்.

அன்புடன்,
அம்மா