கார்த்திக்கின் வார்த்தை லிஸ்டும் காட்னிஸ் கதையும்

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறுகிற அளவுக்குத் தேறிவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. வடகம் காயப்போடத்தான் ஏறியிருப்பார்கள், எனக்குத் தெரியாதா? நான் திட்டினேன் என்று சொல். இங்கே நியூஜெர்சி எடிசனில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. நித்யா காலேஜ் போன பிறகு வீட்டில் அரைப்படி அரிசி கூடச் செலவாவதில்லை. இவர் எப்போதும்போல, பனி அள்ளுகிற நாளில் மட்டும் முதுகு வலிக்கிறது என்கிறார்.

இனி நீ கேட்ட விஷயம். கார்த்திக் தினமும் ஒரு பக்கம் ஆங்கில வார்த்தைகளை மனப்பாடம் செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை கேட்டால் முழிக்கிறான் என்கிறாய். யாரோ 'ஹங்கர் கேம்ஸ்' படிக்கச் சொன்னார்களாம், அது உருப்படியான யோசனையா, கதைப்புத்தகம் படிக்க ஒரு சாக்கா என்று கேட்கிறாய். இருபது வருஷமாக ஆங்கில வகுப்பு எடுப்பவள் நீ. ஆனால் நித்யா அந்தப் புத்தகத்தோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த காலத்தில் நானும் கூடவே படித்தேன் என்பதால் சொல்கிறேன்.

கடினமான வார்த்தைகளை வேட்டையாட அந்தப் புத்தகத்துக்குள் போனால் ஏமாந்துபோவான். சுசான் காலின்ஸ் 2008-ல் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியது அது. பதினாறு வயது காட்னிஸ் தானே சொல்லும் கதை, நிகழ்காலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் ஓடுகிறது. பல பக்கங்களில் அவனுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றிரண்டுதான் இருக்கும். எனக்கு அதுதான் பிடித்த விஷயம். பால் நேஷன் என்று நியூசிலாந்தில் ஒரு மொழியியலாளர். ஒரு நாவலை யார் துணையும் இல்லாமல் படிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று 2006-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். தெரிந்த வார்த்தைகள் சுற்றி நின்றால்தானே தெரியாததை ஊகிக்க முடியும்? தலையங்கத்தைக் கொடுத்து அடிக்கோடு போடச் சொல்கிறோமே, அங்கே ஒரு வரியில் நாலு வார்த்தை புரியாது. ஊகத்துக்கு எங்கே இடம்?

ஒரு காட்சி சொல்கிறேன். வருஷா வருஷம் பன்னிரண்டு மாவட்டங்களிலும் சீட்டுக் குலுக்கி ஓர் ஆண், ஒரு பெண் என்று பிள்ளைகளை எடுத்து, ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்கு அனுப்புகிறார்கள். பன்னிரண்டு வயதுத் தங்கை பிரிம் பெயர் வருகிறது. அக்கா காட்னிஸ் முன்னால் ஓடி, அவளுக்குப் பதில் நான் போகிறேன் என்கிறாள். மேடையில் இருப்பவள் எல்லாரையும் கைதட்டச் சொல்கிறாள். ஒருத்தர் கூடத் தட்டவில்லை. கூட்டம் மொத்தமும் வாய்மூடி நிற்கிறது. அந்த மௌனத்தைச் சொல்லும்போதுதான் 'டிஸ்ஸென்ட்' (மறுப்பு), 'கண்டோன்' (தவறைப் பொறுத்துப்போவது) இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. எதிர்த்துப் பேச வழியில்லாதவர்கள் காட்டக்கூடிய உச்சபட்ச மறுப்பு அது, நடப்பதை நாங்கள் ஏற்கவில்லை என்ற அர்த்தத்தில். கார்த்திக்கின் லிஸ்டில் இந்த இரண்டும் எங்காவது இருக்கும், டி-யில் ஒன்று, சி-யில் ஒன்று. இங்கே படித்தவனுக்கு அந்தக் காட்சியோடு சேர்ந்தே மனசில் நிற்கும். 'கண்டோன்' பெரும்பாலும் மறுப்போடுதான் வரும் என்பதைக்கூட யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்வான்.

தெரிந்த வார்த்தையும் அங்கே வேறு முகம் காட்டும். 'ட்ரிப்யூட்' என்றால் அஞ்சலி என்றுதான் அவன் நினைத்திருப்பான், பேப்பரில் அப்படித்தானே வருகிறது. போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர். நம் சரித்திரப் பாடத்தில் தோற்ற சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டுவானே திறை, அதுதான். முன்பு கலகம் செய்து தோற்ற மாவட்டங்கள் தானியத்துக்குப் பதில் பிள்ளையைக் கட்டுகின்றன. அந்த ஒரு வார்த்தை புரிந்தால் நாவலின் அரசியல் பாதி புரிந்துவிடும்.

பெயர்கள் இன்னும் சுவாரசியம். நாட்டின் பெயர் பானெம். லத்தீனில் ரொட்டி. ஜனங்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் போதும் என்று ரோமக் கவிஞர் ஜுவெனல் எள்ளியதிலிருந்து வந்தது. ஏழைப் பிள்ளைகள் 'டெஸரா' வாங்குகிறார்கள். நம் ரேஷன் கார்டு மாதிரிதான், ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும். விலை, குலுக்கலில் கூடுதலாக ஒரு சீட்டு. இப்படி வாங்கி வாங்கிக் காட்னிஸின் பெயர் 20 சீட்டிலும், அவள் தோழன் கேலின் பெயர் 42 சீட்டிலும் இருக்கிறது. ரோமாபுரியில் தானியம் வாங்கக் காட்டும் வில்லைக்கும் டெஸரா என்றுதான் பெயர். நாக்கு அறுக்கப்பட்ட அடிமைகள் 'ஏவாக்ஸ்'. 'வாக்ஸ்' என்றால் குரல். நீ போர்டில் அதை மட்டும் எழுது, வோக்கல், அட்வகேட், ரிவோக் என்று பிள்ளைகளே வரிசையாகச் சொல்வார்கள். காட்னிஸ் என்பதே கிழங்கு தரும் ஒரு நீர்ச்செடியின் பெயர். செடியியலில் அதற்கு 'சாஜிட்டேரியா', 'சாஜிட்டா' என்றால் அம்பு. வில்லெடுப்பவளுக்கு வைத்த பெயரைப் பார்.

சரி, படித்தால் மட்டும் போதுமா? 1978-ல் நேஷனும் இன்னும் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' என்ற நாவலில் ரஷ்ய மொழியை ஒட்டிய கொச்சைச் சொற்கள் ஏராளம். அகராதிப் பட்டியல் இல்லாத பிரதியைப் படிக்கக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அந்தச் சொற்களில் பரீட்சை வைத்தார்கள். சராசரியாக 76 சதவீதம் சரி. உடனே துள்ளாதே. படித்தவர்கள் ஆங்கிலம் தாய்மொழியானவர்கள், அந்தச் சொற்களும் திரும்பத் திரும்ப வருபவை. பிறகு ஓமனில் நம் பிள்ளைகள் போல ஆங்கிலம் கற்கிற மாணவர்களுக்கு ஓர் எளிய நாவலை வைத்துப் பார்த்தபோது, 1998-ல் வந்த முடிவு, தெரியாத ஐந்தில் ஒன்றுதான் ஒட்டியது. அதனால் லிஸ்டை அடுப்பில் போட்டுவிடாதே. புத்தகத்தில் சந்தித்த வார்த்தையை லிஸ்டில் தேடிக் குறித்து வைக்கச் சொல்.

முதல் தடவை பென்சில் வேண்டாம், டிக்‌ஷனரியும் வேண்டாம். ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லி நீ சத்தம் போடும் அளவுக்குப் படிக்கட்டும். இரண்டாம் தடவை அத்தியாயத்துக்கு மூன்று, நான்கு வார்த்தை போதும், முழு வாக்கியத்தோடு நோட்டில் எழுதட்டும். அடுத்த இரண்டு பாகங்கள் 2009-லும் 2010-லும் வந்தன. பழைய வார்த்தைகள் அவற்றிலும் திரும்ப வரும். தொடர் நாவலில் கிடைக்கும் அந்த லாபம் தனி நாவலில் கிடைக்காது.

'டைவர்ஜென்ட்' பற்றியும் உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். 2011-ல் வெரோனிகா ராத் எழுதியது. அதில் ஊரே ஐந்து பிரிவு, தன்னலம் மறுப்பவர்கள் அப்நிகேஷன், ஒளிவுமறைவு இல்லாதவர்கள் கேண்டர், படிப்பாளிகள் எருடைட் என்று பிரிவுப் பெயர்களே பரீட்சை வார்த்தைகள். அதற்காக வேண்டுமானால் படிக்கலாம், எனக்குக் கதை ஒட்டவில்லை.

இங்கே காலேஜ் சேர எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சையில் 2016 மார்ச்சில் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளை எடுத்தார்கள். அதற்கு முன் படித்த பிள்ளைகள் வார்த்தை எழுதிய அட்டைக் கட்டோடு அலைவார்கள். கணினியில் எழுதும் இப்போதைய எஸ்.ஏ.டி.யில் பொருத்தமான வார்த்தையை நிரப்பும் கேள்விகள் திரும்ப வந்துவிட்டன. மேல்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ.யிலும் வார்த்தைக் கேள்விகள் உண்டு. கார்த்திக் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் இப்போதே ஆரம்பிப்பது நல்லதுதான்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள். பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் கதை. பிளஸ் ஒன் பையனுக்குச் சரி. உன் ஆறாம் வகுப்பில் கொடுக்காதே.

நித்யாவின் பிரதி அட்டை கிழிந்து கிடக்கிறது, ஓரமெல்லாம் அவள் கிறுக்கல். இவருடைய தம்பி தை மாதம் கும்பகோணம் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன், முதல் பாகம் மட்டும். அடுத்ததை அவனே கேட்டால் வாங்கிக்கொடு. கேட்காவிட்டால் விட்டுவிடு, அவனுக்குக் கிரிக்கெட் வீரர் சுயசரிதை ஏதாவது பார்க்கலாம்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். வடகத்தில் எனக்கும் ஒரு பொட்டலம்.

அன்புடன்,
வாசுகி