அயெண்டே விண்கல்லின் சீவலைப் படமெடுப்பது பற்றி

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தியை வீட்டில் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் மகிழ்ச்சி. கற்சீவல்களைப் பார்க்கப் பழைய தளவிளைவு நுண்ணோக்கி (ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் காட்டுவது) ஒன்று வாங்கியிருப்பதாகவும், படங்களில் நிறம் வெளிறிப் போவதாகவும் எழுதியிருந்தாய்.

மேடையில் எதையும் வைக்காமல் மேடைக்குக் கீழுள்ள ஒளி வடிகட்டியான போலரைசரையும் மேலுள்ள வடிகட்டியான அனலைசரையும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்திப் பார். புலம் முழுவதும் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால், பெரும்பாலும் பொருளருகு லென்சின் கண்ணாடியில் இறுக்கம் இருக்கிறது. அந்த லென்சில் நிறம் எடுபடாது. அனலைசரை வெளியே இழுத்துவிட்டு, கல் இல்லாத கண்ணாடிப் பகுதியில் கேமராவின் வெண்மைச் சமநிலையை அமைத்துப் பூட்டிவிடு. தானியங்கியில் விட்டால் படத்துக்குப் படம் ஒரு நிறம் காட்டும்.

இப்போது என் மேசையில் இருப்பது அயெண்டே விண்கல்லின் சீவல். 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் விழுந்த இந்தக் கல்லை இரண்டு டன்னுக்கு மேல் பொறுக்கியெடுத்ததால்தான் நம்மைப் போன்றவர்கள் கைக்கும் ஒரு சீவல் வருகிறது. 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த அந்தச் சீவலில் ஒலிவின் என்ற கனிமம் அனலைசர் இல்லாத சாதாரண ஒளியில் ஏறக்குறைய நிறமற்றே இருக்கும். குறுக்கு நிலையில் நாம் வியக்கும் நீலமும் இளஞ்சிவப்பும் படிகத்தின் இயல்போடு சீவலின் கனமும் படிகம் வெட்டுப்பட்ட திசையும் சேர்ந்து தருபவை. மேடையைச் சுழற்றினால் நிறம் மாறாது, பிரகாசம்தான் ஏறி இறங்கும். ஆகவே படிகம் இருண்டுபோகும் நிலையிலிருந்து 45 பாகை தள்ளி நிறுத்தி எடு.

பட்டை பட்டையாக ஒலிவின் அடுக்கிய காண்ட்ரூல் (விண்கல்லில் உள்ள உருண்டைச் சிறுமணி) ஒன்று கண்ணில் பட்டால் விட்டுவிடாதே. தனித்தனிக் கம்பிகளாகத் தெரிபவை, மேடையைச் சுழற்றும்போது பல சமயம் ஒரே நொடியில் எல்லாமாக அணைந்துபோகும். அவை அத்தனையும் ஒரே படிகத்தின் கிளைகள் என்பதற்கு அதுவே சாட்சி. முழுதும் உருகிய துளியொன்று விரைவாகக் குளிர்ந்தால் இப்படி ஆகும்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அதே சீவலில் உள்ள, யாரும் படமெடுக்காத மங்கலான சுண்ணாம்பு‑அலுமினியத் துணுக்கு. அதிலுள்ள மெலிலைட் என்ற கனிமம் சோகையான சாம்பல் நிறம். ஸ்பைனல் என்ற கனிமமோ குறுக்கு நிலையில் வெறும் கறுப்பு. இத்தகைய துணுக்குகளின் வயது சுமார் 456.7 கோடி ஆண்டுகள். சூரிய மண்டலத்தில் உருவானவற்றுள் நாம் வயது கண்டறிந்த மிக மூத்த திடப்பொருள்கள் இவையே. நிறச்செறிவை ஏற்றி மெருகிடும் வழக்கம் எனக்கு ஒப்பாததற்குக் காரணமும் இதுதான்: அந்தச் சாம்பலில் இல்லாத நீலம் வந்து ஒட்டிக்கொள்ளும், பார்ப்பவன் கனிமத்தையே தவறாக எண்ணிவிடுவான்.

அடுத்த முறை அனலைசர் இல்லாமல் ஒன்று, குறுக்கு நிலையில் ஒன்று என ஒரே இடத்தை இரண்டாக எடுத்து, திருத்தாமல் அனுப்பு. உன் சீவல் எந்தக் கல்லுடையது என்பதையும் எழுது.

அன்புடன்,
இராமநாதன்