தேநீர்க் கெண்டிக்காக ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தொலைக்காட்சி வினாடி வினா பற்றிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். பிரித்தானிய நிகழ்ச்சிகளுக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு பந்தி. அந்தப் பந்தியும் 1998 செப்டெம்பரில் மில்லியன் பவுண் பரிசு நிகழ்ச்சியான 'ஹூ வோன்ட்ஸ் டு பி எ மில்லியனர்' தொடங்கியதிலிருந்துதான் பேச ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னர் அந்த நாட்டில் யாரும் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை போலும். பின்னேரத்து நிகழ்ச்சிகளை 'வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு' என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். நான் அவற்றைப் பார்த்தவன். எனக்கு வேலை இருந்தது. அது இரவில் இருந்தது, அவ்வளவுதான்.

1986இல் லண்டனுக்கு வந்தேன். தெற்கு லண்டனில் ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பேன். வீட்டுக்கு வந்து படுத்து, மத்தியானம் எழும்பி, சோற்றைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் இருப்பேன். அந்த ஆண்டு ஒக்டோபரில்தான் பிபிசியின் முதலாவது சனல் பகல் முழுவதும் ஒழுங்காக நிகழ்ச்சி போடத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னர் பகலில் பெட்டியைப் போட்டால் பல நேரம் எழுத்துப் பக்கங்களும் பின்னால் சங்கீதமும்தான் என்று பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா சொல்லுவார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என்னைப் பிடித்தது 'கோயிங் ஃபோர் கோல்ட்' என்ற வினாடி வினா. 1987இல் தொடங்கியது, 'நெய்பர்ஸ்' நாடகம் முடிந்த கையோடு வரும். அயர்லாந்துக்காரரான ஹென்றி கெல்லி நடத்துவார். ஐரோப்பா முழுவதிலுமிருந்து போட்டியாளர்கள் வருவார்கள். கேள்விகள் எல்லாமே ஆங்கிலத்தில். ஒரு பின்லாந்துக்காரருக்கோ டென்மார்க் பெண்ணுக்கோ பதில் தெரிந்திருக்கும், ஆனால் ஆங்கிலச் சொல் தொண்டைக்குள் நின்றுவிடும். அதற்குள் பக்கத்திலிருக்கும் பிரித்தானியர் பொத்தானை அமத்திவிடுவார். பெரிய அநியாயம்! இரவெல்லாம் கூண்டுக்குள் நின்று, வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டிய பதில் அவர் போன பிறகு வாய்க்கு வந்த எனக்கு அந்தப் பின்லாந்துக்காரர் உறவினர் மாதிரி. (அதன் தொடக்க இசையைச் செய்தவர்களில் ஒருவர் பெரிய சினிமா இசையமைப்பாளரான ஹான்ஸ் சிம்மர் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது சிரித்துவிட்டேன். ஹொலிவூட்டுக்கு முதல் எங்கள் மத்தியானச் சோற்றுக்கு வாசித்திருக்கிறார் மனிதர்.)

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஐ.ரி.வி. என்ற தனியார் சனலில் 'ப்ளொக்பஸ்டர்ஸ்'. பொப் ஹோல்னெஸ் என்ற கனவான் நடத்துவார். தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. ஒரு பக்கம் இரண்டு பேர், மறுபக்கம் தனியே ஒருவர். 'ஒரு பீ தாருங்கள், பொப்' என்று மாணவர் கேட்டதும் சபை சிரிக்கும். அந்த எழுத்தின் பெயர் தமிழில் மரியாதையான சொல் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்று விளங்க ஆறு மாதம் பிடித்தது.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம் 'கவுண்ட்டவுன்'. 1982 நவம்பர் 2ஆம் திகதி சனல் 4 பிறந்தபோது அதில் வந்த முதல் நிகழ்ச்சியே இதுதான். லீட்ஸ் நகரத்து யோர்க்ஷயர் தொலைக்காட்சியின் தயாரிப்பு. உங்கள் கட்டுரையில் உள்ளதுபோல இது 'அசல் ஆங்கிலேயக் கண்டுபிடிப்பு' அல்ல. மூலம் பிரெஞ்சுக்காரருடையது; 1965இல் ஆர்மண்ட் ஜம்மோ தொடங்கிய விளையாட்டு. கட்டுரையில் இன்னொரு பிழையும் உண்டு. 'வீக்கெஸ்ட் லிங்க்' என்ற வினாடி வினா இரவு நிகழ்ச்சியாகப் பிறக்கவில்லை. அதை நடத்திய ஆன் ரொபின்சன் 2000 ஓகஸ்டில் பிபிசி 2இல் பின்னேரத்தில்தான் ஆட்களை வைது அனுப்பத் தொடங்கினார்.

கவுண்ட்டவுனில் இரண்டு பேர் மேசையில் இருப்பார்கள். மெய்யெழுத்து ஒன்று, உயிரெழுத்து ஒன்று என்று கேட்டுக் கேட்டு ஒன்பது எழுத்து சேர்ப்பார்கள். முப்பது வினாடிக்குள் அதிலிருந்து ஆக நீளமான சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் இதை விளையாடிப் பார்க்கலாம் என்று நானும் அறைத்தோழரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத் துண்டுகளோடு குந்தினோம். நம் உயிரும் மெய்யும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அல்லவா? துண்டுகள் இருநூறைத் தாண்டியதும் எழும்பிவிட்டோம். எண் சுற்று அப்படியல்ல, அதற்கு மொழி தேவையில்லை. 25, 50, 75, 100 என்று பெரிய எண்கள், ஒன்று முதல் பத்து வரை சின்ன எண்கள். கிடைத்த ஆறைக் கொண்டு மூன்றிலக்க எண்ணொன்றை எட்ட வேண்டும். இங்கேதான் நான் ஆங்கிலேயரோடு சரிசமமாக நின்றேன்.

ஒரு தடவை 25, 50, 75, 100, 3, 6 வந்தது. எட்ட வேண்டியது 952. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். போட்டியில் இருந்த இளைஞர் அமைதியாகச் சொன்னார்: நூறோடு ஆறைக் கூட்டினால் 106, மூன்றால் பெருக்கினால் 318, அதை எழுபத்தைந்தால் பெருக்கினால் 23,850, ஐம்பதைக் கழித்தால் 23,800, இருபத்தைந்தால் பிரித்தால் 952. பலகைக்குப் பக்கத்தில் நின்று கணக்குகளைப் போட்டுக் காட்டும் கரோல் வோர்டர்மனே திகைத்துப்போனார். சபை சிரித்தது, பிறகு கைதட்டியது. அவருக்குக் கோடி கிடைக்கவில்லை. அதுபற்றி அங்கே ஒருவருக்கும் கவலையும் இல்லை.

நடத்துநர் ரிச்சர்ட் வைட்லி. கண்ணைப் பறிக்கும் மேலங்கியும் கழுத்துப்பட்டியும். அவருடைய சிலேடைகள் பத்தில் எட்டு விழுந்துவிடும். விழுந்த சிலேடைக்குத் தானே சங்கடப்பட்டுச் சிரிப்பார், அதற்காகவே பார்த்தோம். 2005 ஜூனில் 61 வயதில் காலமானார். பிறகு எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் இருந்துவிட்டார்கள். எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். என் கண்ணுக்கு அந்த நாற்காலி இன்னும் பெரிதாகவே தெரிகிறது.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வருகிறேன். கணவரை இழந்தவர். வரிசை வீடுகள், மெல்லிய சுவர். முப்பது வினாடி மணிக்கூட்டுச் சங்கீதம் இரண்டு வீட்டிலும் ஒன்றாகக் கேட்கும். கடைசிச் சுற்றில் ஒன்பதெழுத்துச் சொல்லொன்றைக் கலைத்துக் காட்டுவார்கள். அவர் கண்டுபிடித்துவிட்டால் சுவரில் இரண்டு தட்டு. பெரும்பாலும் சங்கீதம் பாதி போகுமுன் தட்டு விழும். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு நாள் நானே ஒன்பது எழுத்தைக் கலைத்து எழுதி அவர் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டேன். நாலு 'ஏ' இருந்தது. மூன்று நாள் சுவர் சத்தமில்லை. நாலாம் நாள் கதவைத் தட்டி, நாலு 'ஏ' வருகிற சொல் ஆங்கிலத்தில் இல்லை, நீ ஏமாற்றுகிறாய் என்றார். 'கட்டமரான்' என்றேன். அகராதியைக் கொண்டுவந்து பார்த்தார். அது எங்கள் கட்டுமரம், உங்களுக்கு இரவல் தந்தது என்று சொன்னேன். பிஸ்கற் பெட்டி ஒன்று வந்தது. அன்றைக்குத்தான் அந்த நாட்டில் முதன்முதலாக ஒருவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் அவரோடு இருந்து பார்த்தது 'ஃபிஃப்டீன் டு வன்'. அரைவட்டமாகப் பதினைந்து பேர், ஆளுக்கு மூன்று உயிர். பிழை விட்டால் ஓர் உயிர் போகும், சரி சொன்னால் அடுத்த கேள்வி யாருக்கு என்று சுட்டிக்காட்டலாம். வில்லியம் ஜி. ஸ்டூவர்ட் ஊர்க்கதை கேட்கமாட்டார், கேள்விக்கு மேல் கேள்வி. 2003இல் அது நின்றபோது அம்மா உண்மையாகவே கோபப்பட்டார்.

பிறகு 2005இல் 'டீல் ஓர் நோ டீல்' வந்தது. இருபத்திரண்டு சிவப்புப் பெட்டிகள், உள்ளே ஒரு பென்னியிலிருந்து இரண்டரை லட்சம் பவுண் வரை. பெட்டியைத் திறக்க என்ன அறிவு வேண்டும் என்று நான் கேட்பேன். என் மனைவி ஒரு நாளும் தவறவிட்டதில்லை, ஆகவே இதற்கு மேல் எழுதவில்லை. 'பொயின்ட்லெஸ்' நல்லது. நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றாத சரியான பதிலுக்கு மதிப்புக் கொடுக்கிறது.

கட்டுரையாளர் பரிசுத்தொகையை வைத்து நிகழ்ச்சிகளை நிறுக்கிறார். கவுண்ட்டவுனில் வென்றவர் கொண்டுபோவது, மணிக்கூட்டுப் படம் போட்ட ஒரு தேநீர்க் கெண்டி. கடையில் வாங்க முடியாது, வென்றால்தான் உண்டு. தொடர் முழுவதையும் வென்றவருக்கு அந்த நாட்களில் தோல் அட்டை போட்ட ஒக்ஸ்போர்ட் அகராதி கிடைத்தது, தொகுதி தொகுதியாக. அந்தக் கெண்டிக்காகத் தொழிலை ஒரு நாள் விட்டுவிட்டு லீட்ஸுக்கு ரயில் ஏறிய ஆசிரியர்களையும் பஸ் சாரதிகளையும் எந்தத் தராசில் வைப்பார்?

அடுத்த இதழில் மேற்சொன்ன இரண்டு பிழைகளையும் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று: போட்டிக்கான விண்ணப்பப் படிவமொன்றை அந்த அம்மா எழுதிக் கேட்டு எனக்காக எடுத்துத் தந்தார். பெயரும் முகவரியும் நிரப்பினேன். 'உங்களைப் பற்றிச் சுவையான தகவல் ஒன்று' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நிறுத்தினேன். அது இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் இரவுப் பணியாளர்,
லண்டன்