மானிடவியல் படிக்க நம் பிள்ளைகளும் போகட்டும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

மனிதர்களையும் அவர்கள் வாழும் முறையையும் ஆராயும் மானிடவியல் என்றொரு பட்டப்படிப்பு இருப்பதை எங்கள் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945-லேயே தொடங்கிய துறை அது, புதுச்சேரியிலும் இருக்கிறது. மக்களோடு மாதக்கணக்கில் தங்கி, பழகி, பார்த்ததை எழுதுவதுதான் அதில் முக்கியமான வேலை.

அதற்கு ராமநாதபுரம் கரையைவிடத் தோதான இடம் ஏது? பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, கடல்பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறார்கள். பாசி கிடைப்பதோ 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி. வனத்துறை போகாதே என்கிறது, வயிறு விடுவதில்லை. எந்தப் பாறையில் எப்போது பாசி வளரும், எப்போது கைவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதைக் கேட்டு எழுதத்தான் ஆள் வேண்டும்.

ஆய்வாளர்கள் வராமலில்லை. வருகிறார்கள், கேட்கிறார்கள், பதிவு செய்கிறார்கள். (டீ நம் செலவு!) அப்புறம் ஆய்வேடு ஆங்கிலத்தில் எங்கோ ஓர் அலமாரிக்குப் போய்விடுகிறது. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே மானிடவியல் படித்துவிட்டு வந்தால் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

மாவட்டத்தில் ஒரு அரசுக் கல்லூரியிலாவது இளங்கலை மானிடவியல் தொடங்க வேண்டும். அதுவரை, இங்கே ஆய்வு செய்கிறவர்கள் தமிழில் ஒரு சுருக்கமாவது எழுதி ஊர் நூலகத்தில் வைத்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாம்பன்