போர்டு எழுதியவருக்கும் பலகை போட்டவருக்கும்: கடை வரைபவர்களின் நன்றி மடல்

அன்புடையீர்,

ஊர்ப்புறத்துச் சின்னக் கடைகளின் முகப்பை வரைகிறவர்கள் நாங்கள். படம் முடிந்ததும் மூலையில் எங்கள் கையெழுத்து மட்டும் விழுகிறது. அது அவ்வளவு நியாயமில்லை. வரையத் தெரிந்தது எங்களுக்கு. அந்தக் கடை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தது உங்களுக்கு. அந்த ‘ஏன்’களைச் சொல்லித் தந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கடைக்காரர்களுக்கு. “கொஞ்சம் ஒதுக்கி வைக்கட்டுமா?” என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றதும் சிரித்துக்கொண்டே அப்படியே விட்டுவிட்டீர்கள். எங்களுக்குக் கலைந்து கிடப்பதாகத் தோன்றியதில் ஒழுங்கு இருக்கிறது என்று பிறகு நீங்களே சொன்னீர்கள். அடிக்கடி விற்பது உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் கிடைக்கும். கனமானது தரையில் இருக்கும். எப்போதாவது கேட்கப்படுவது உச்சித் தட்டில். இது தெரிந்த பிறகு வண்ணமே மாறிவிட்டது. உச்சித் தட்டில் தூசி படிந்திருக்கும், ஆகவே அங்கே எந்த நிறத்திலும் துளி சாம்பல் கலக்க வேண்டும். பளிச்சென்ற நிறங்கள் இடுப்பு முதல் தோள் உயரம் வரை மட்டும். வாசலில் கயிறும் துடைப்பமும் வாளியும் தொங்குவது அலங்காரத்துக்கு அல்ல. உள்ளே ஆழம் கிடையாது, அதனால் முகப்பே கிடங்கு. இதை அறியாமல் எல்லாத் தட்டையும் ஒரே பளபளப்பில் வரைந்தால் படம் பொம்மைக் கடையாகிவிடும்.

எதிர்வீட்டுப் படியில் உட்கார இடம் கொடுத்தவர்களை மறக்க முடியாது. அந்தப் படி இல்லாவிட்டால் தூரம் கிடைத்திருக்காது. 3 மீட்டர் அகலக் கடையை விளிம்பு கோணாமல் வரைய ஏறக்குறைய 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அப்போது கடை முழுவதும் சுமார் 30 பாகைக்குள் அடங்கும். 2 மீட்டரில் நின்று வரைந்தால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க நேரும், இரண்டு ஓரமும் வெளியே பிதுங்கும். படியில் உட்கார்ந்ததில் இன்னொரு விஷயமும் பிடிபட்டது. உட்கார்ந்தவர் கண் சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். கடையின் முன்மேசை 90 சென்டிமீட்டர் என்றால் அதன் மேற்பரப்பு ஒரு கீற்றாகத்தான் தெரியும். எழுந்து நின்றால் அதே மேசை விரிந்து, மேலே உள்ள தராசும் ஜாடிகளும் தனித்தனியாகப் பிரியும். எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் ஒரு படத்துக்கு ஒன்றுதான். கால் மரத்துப்போய் நடுவில் எழுந்து நின்று தொடர்ந்தால் மேல்பாதிக்கு ஒரு கண்மட்டம், கீழ்ப்பாதிக்கு ஒரு கண்மட்டம் என்று ஆகி, கடை தள்ளாடும். தாளில் கண்மட்டக் கோட்டை முதலில் பென்சிலால் இழுத்துவிடுவதே இதற்கு மருந்து.

போர்டு எழுதுகிற கலைஞர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு மடலே எழுதலாம். பெயர்ப்பலகையை முதல் எழுத்திலிருந்து தொடங்கி எழுதினால் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொள்ளும். எழுத்துகளை எண்ணி, நடுவைக் குறித்து, அங்கிருந்து இரு பக்கமும் பிரித்துக்கொண்டு போகச் சொன்னவர்கள் நீங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. ‘ண’ பிடிக்கும் இடத்தில் இரண்டு ‘ர’ உட்காரும். எனவே எழுத்தின் உருவத்தை விட்டுவிட்டு, எழுத்துகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடங்களை முதலில் வரைந்து பார்க்க வேண்டும். நூலில் சுண்ணப்பொடி தடவிச் சுண்டி இரண்டு கோடு போடும் உங்கள் வழக்கத்தைப் பென்சிலால் நாங்களும் செய்கிறோம். எழுத்துக்கு நீங்கள் தீட்டிய நிழல் ஒரு பக்கம் விழும், வெயிலின் நிழல் வேறு பக்கம் விழும். அதைச் ‘சரிசெய்கிறேன்’ என்று இரண்டையும் ஒரே பக்கம் திருப்புவது புதியவர்கள் செய்யும் பிழை. அது பலகையில் தீட்டிய நிழல், அப்படியேதான் இருக்க வேண்டும்.

பழைய பலகைகளில் சிவப்பு போய் நீலமும் கறுப்பும் நிற்பதன் காரணத்தையும் நீங்கள்தான் விளக்கினீர்கள். பளிச்சென்ற சிவப்பு நிறமிகளில் பல, வெயிலின் புற ஊதாக் கதிருக்கு முதலில் தோற்பவை. காவிச் சிவப்பு விதிவிலக்கு. அது இரும்பு ஆக்சைடு, அசையாது. எனாமல் பெயின்டின் பசை வெயிலில் சிதைந்தால் நிறமி பொடியாகக் கையில் ஒட்டும், பளபளப்பு செத்துப்போகும். கூரை நிழல் மறைக்கும் மேல்பகுதி மட்டும் புதுசுபோலவே இருக்கும். ஆகவே ஒரு பலகையை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் வெளிறச் செய்யக் கூடாது. வெயில் எட்டும் எல்லை எங்கே என்று முதலில் பார்த்து, அந்தக் கோட்டுக்குக் கீழே மட்டும் வெளிற வைக்க வேண்டும்.

தச்சர்களுக்கு: தனித்தனிப் பலகைகளாகக் கழற்றி மாட்டும் பலகைக் கதவின் சூட்சுமத்தை நாங்கள் வெகுநாள் தப்பாகவே வரைந்தோம். பலகை செருகும் பள்ளம்தான் காடி. மேல் காடி ஆழம், கீழ் காடி மேலோட்டம். பலகையை மேலே தூக்கிச் செருகி, கீழே இறக்கி உட்கார வைக்கிறார்கள். எனவே மேலே எப்போதும் ஒரு கறுப்பு இடைவெளி இருக்கும், கீழே இருக்காது. நாங்கள் இரண்டு பக்கமும் ஒட்ட வரைந்திருந்தோம். அந்தப் படத்தில் பலகையைக் கழற்றவே முடியாது! பலகைகளுக்கு எண் போடுவதும் காரணத்தோடுதான். ஒவ்வொரு பலகையும் தன் இடத்துக்கு ஏற்றபடி இழைக்கப்பட்டது. வரிசை மாறினால் சிக்கும். மழைக்கறையின் கோடும் பக்கத்துப் பலகையோடு பொருந்தாமல் துண்டு துண்டாக நிற்கும். மரம் அடியில்தான் முதலில் உளுக்கும். வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் வேகமாக ஏறுவதும், தரையில் விழும் மழை தெறிப்பதும் காரணம். கீழ் ஒரு சாண் மட்டும் கருமையாக இருந்தால் பலகைக்கு வயது ஏறிவிடும்.

தகர வேலைக்காரர்களுக்கும் வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கும்: நெளி தகரத்துக்கு 1829-இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் காப்புரிமை பெற்றார், 1837-இல் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அது மழையில் நிலைத்து நின்றது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஆகவே துரு தாளின் நடுவில் தொடங்காது. வெட்டு விளிம்பு, ஆணித்துளை, இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம், இங்கேதான் தொடங்கி நீர் ஓடும் வழியே கீழே கோடாக இறங்கும். மனம்போன இடத்திலெல்லாம் துருப்புள்ளி வைப்பதை உங்களால் நிறுத்தினோம். ஷட்டரின் பட்டிகள் எல்லாவற்றையும் வரைய வேண்டியதில்லை. நிழலில் நெருக்கமாகப் பத்து கோடு, வெயிலில் விட்டுவிட்டு இரண்டு மூன்று. அடிக்கம்பியை மட்டும் தடிப்பாக.

இனி கடைக்குள் இருக்கும் இருட்டு. வெளிச்சத்தை லக்ஸில் அளந்தால், தெருவில் நேர் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும், உள்ளே சில நூறுகூட இருக்காது. கேமரா இதைத் தாங்காது. உள்ளே கறுப்புக் குழி, அல்லது வெளியே வெள்ளைப் பாழ். புகைப்படத்தைப் பார்த்து வரைய வேண்டியிருந்தால் உள்ளே தெரிய ஒன்று, வெளியே தெரிய ஒன்று என்று இரண்டு அளவு வெளிச்சத்தில் எடுத்துவைக்கச் சொன்ன புகைப்படக்காரருக்கு நன்றி. நேரில் வரைவதே மேல். ஐந்து நிமிடம் நிழலில் நின்றால் கண் பழகி, உள்ளே ஒரு ஜாடியின் விளிம்பு மின்னுவது தெரியும். அந்த இருட்டுக்குக் கறுப்பைத் தொடாமல், அல்ட்ராமரின் நீலமும் சுட்ட சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள் இதைத் தாங்கும். அதைவிட மெல்லியது நெளியும், பள்ளத்தில் நீர் தேங்கி விளிம்புக்கறை விழும்.

அச்சகத்தாரே, நீங்கள் சொன்ன கசப்பான உண்மைக்கும் நன்றி. அல்ட்ராமரின் நாலு வண்ண அச்சில் மங்கும், அதற்கு வழியில்லை. இருட்டுப் பகுதியில் ஒவ்வொன்றும் 100 சதவீதம் வரை போகக்கூடிய நாலு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினால் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பூச்சில்லாத தாளில் இன்னும் குறைக்க வேண்டும். மாதிரி அச்சு பார்க்காமல் மொத்தமாக ஓட்டாதீர்கள் என்று நீங்களே தடுத்தது பெரிய உதவி.

2007-இல் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் அமைப்புக்கும் ஒரு சொல். இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை வரை என்ற அவர்கள் கொள்கைதான் எங்களைத் தெருவுக்கு இழுத்துவந்தது.

தோளுக்குப் பின்னால் நின்று, “அந்த மணி அங்கே இல்லையே, இந்தப் பக்கம்தானே” என்று திருத்திய பிள்ளைகளே, நீங்கள் சொன்னது ஒவ்வொரு முறையும் சரி.

கடைக்காரர்களே, அச்சுப்படி உங்களுக்கு வந்து சேரும். பலகையில் இருக்கும் தொலைபேசி எண்ணைப் படிக்க முடியாதபடிதான் எழுதியிருக்கிறோம், பிழை என்று நினைக்க வேண்டாம். சீக்கிரம் வெளிறாத நிறமி மையில் அச்சிட்டதுதான், என்றாலும் வெயில் நேரே விழும் சுவரில் மாட்டாதீர்கள். சட்டமிடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில், நாலு ஓரத்தில் மட்டும் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். உச்சித் தட்டுக்குப் பக்கத்துச் சுவர்தான் நல்ல இடம். தூசி படியும், பரவாயில்லை. மாதம் ஒருமுறை துடைத்தால் போதும்.

நன்றியுடன்,
கடை முகப்பு வரைபவர்கள்