பேக்கப்புக்கும் அடுத்த கால்ஷீட்டுக்கும் நடுவே பத்து மணி நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய சின்னத்திரைத் தயாரிப்பாளர்களுக்கும் சேனல் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஷூட்டிங் முடிந்து திரும்பும் வழியில் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நடந்த பைக் விபத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாள் அதே பேச்சாக இருந்தது. மூன்றாம் நாள் புது ஷெட்யூல் வந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பைக்கிலிருந்து விழுந்தவன் என் உதவியாளன். ஏழு வருடமாக என் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவன்.

அன்று காலை ஆறு மணிக்குக் கால்ஷீட். அன்றைய ஷூட்டிங் முடிந்தது என்று பேக்கப் சொன்னபோது இரவு ஒன்றேகால். மறுநாளும் ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேக்கப் என்றதும் கேமராக்காரர்கள் கிளம்பிவிட முடியாது. லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். மெமரி கார்டில் இருப்பதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டு காப்பியும் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் யூனிட் வண்டியில் ஏற்றி முடித்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அவன் வீடு பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம். "படுத்தா எந்திரிக்க மாட்டேண்ணே. குளிச்சிட்டு அப்படியே திரும்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். பனையூரிலிருந்து அக்கரை வருவதற்குள் கண் அசந்துவிட்டது.

உயிருக்கு ஆபத்தில்லை. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். அவன் ஃபோகஸ் புல்லர், ஆள் நகர நகரப் படம் தெளிவு குலையாமல் லென்ஸைத் திருப்புகிறவன். இப்போது சீரியலுக்கும் சினிமா லென்ஸ்தான் போடுகிறோம். கதாநாயகி வாசலிலிருந்து சோபா வரை நடந்து வரும்போது, அந்த நடைக்கு ஈடாக ஃபோகஸ் வளையம் திரும்ப வேண்டும். இரண்டு அங்குலம் பிசகினால் கண் மங்கி காது தெளிவாகிவிடும். மானிட்டரைப் பார்த்துத் திருப்பினால் பிந்திவிடும். ஆள் அசைவதற்கு முன்பே அவன் மணிக்கட்டு அசைந்துவிடும். அந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, வருடக்கணக்கில் கையிலேயே ஊறுவது. ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் பாட்டிலைத் தொடை நடுவே இடுக்கிக்கொண்டு, மூடியை இடது கையால் மெல்லத் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தான். "லெஃப்ட்ல பழகிக்கலாமாண்ணே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

தயாரிப்புத் தரப்பிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கிளம்பும்போது, "பேக்கப் ஆனதுக்கு அப்புறம் நடந்தது, கம்பெனிக் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். லைட்மேன்கள் உட்பட யூனிட்டில் எல்லோரும் பேட்டாவில் (தினப்படியில்) எடுத்துக் கொடுத்துத்தான் ஆஸ்பத்திரி பில் கட்டினோம். இருபது மணி நேரம் கண் விழிக்க வைத்தது யார் கணக்கில் வரும், ஐயா?

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். பேக்கப் ஆன நேரத்துக்கும் மறுநாள் கால்ஷீட்டுக்கும் நடுவே பத்து மணி நேரம் கொடுங்கள். இரவு ஒன்றுக்கு முடித்தால் மறுநாள் பதினொன்றுக்குத் தொடங்குங்கள். ஆறு மணிக்கே தொடங்க வேண்டுமானால் முந்தின நாள் எட்டு மணிக்கு விட்டுவிடுங்கள்.

இந்தத் தொழிலுக்கு வந்தபோது நான் சினிமாவில் லோடிங் அசிஸ்டென்ட். கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணால் பார்க்காமலே கேமராவில் மாட்டும் பெட்டியான மாகசினில் ஃபிலிம் ஏற்றுவேன். 400 அடி ஃபிலிம் நாலரை நிமிடம்கூட ஓடாது. மாகசின் மாற்றும் நேரத்தில் கேமராமேன் கண்ணை மூடி உட்காருவார், லைட்மேன் டீ குடிப்பார். ஃபிலிம் விலை கூடுதல் என்பதால் ரிகர்சல் பார்த்துவிட்டுத்தான் 'ரோல்' என்பார்கள். இப்போது ஒரு கார்டு மணிக்கணக்கில் ஓடுகிறது. காட்சி முழுவதையும் மாஸ்டராக எடுத்து, தோளுக்குப் பின்னாலிருந்து இரண்டு பக்கமும் சஜஷன் எடுத்து, முகத்தை மட்டும் க்ளோஸ் எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் எடுக்கிறோம். மெஷினுக்கு ஓய்வு தேவைப்பட்ட காலத்தில் அந்தச் சாக்கில் எங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. மெஷின் மாறியது, எங்கள் ஓய்வும் போய்விட்டது.

இது நம் ஊரில் மட்டும் இருக்கும் சங்கடம் இல்லை. 1997 மார்ச்சில் அமெரிக்காவில் பிரென்ட் ஹெர்ஷ்மன் என்ற உதவி ஒளிப்பதிவாளர், 19 மணி நேரம் வேலை பார்த்துவிட்டுக் காரில் வீடு திரும்பும் வழியில் தூங்கிவிட்டார். கார் கம்பத்தில் மோதியது, அவர் வீடு போய்ச் சேரவில்லை. ஹாஸ்கெல் வெக்ஸ்லர் ஒளிப்பதிவுக்காக இரண்டு முறை ஆஸ்கர் வாங்கியவர். அந்தச் சாவுக்குப் பிறகு, 12 மணி நேர வேலை, 12 மணி நேர ஓய்வு என்று முதுமையிலும் ஓயாமல் போராடினார். நாங்கள் பன்னிரண்டு கேட்கவில்லை, பத்துதான் கேட்கிறோம்.

சட்டமும் இதற்குப் புறம்பாக இல்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, சினிமாவோடு சின்னத்திரைத் தொடர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தொழிலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதில் வேலை நேரமும் இருக்க வேண்டும் என்கிறது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தாளை நான் கையில் வாங்கியதில்லை. போனில் ஒரு வார்த்தை, மேனேஜர் நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெடுநாள் மனசில் கிடப்பது. சேனலிலிருந்து எங்களுக்கு வரும் குறிப்பு எப்போதும் ஒன்றுதான்: "முகம் இன்னும் பளிச்சுன்னு வேணும்." நள்ளிரவில் கதாநாயகி அழும் காட்சிக்கும் இதே குறிப்புதான். மாநிறமான பெண்ணை நடிக்க வைத்துவிட்டு, அவள் நிறத்தையே விளக்கால் அழிக்கச் சொல்கிறீர்கள். 1987இல் 'நாயகன்' படத்தில் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் முகத்தில் பாதியை இருட்டில் விட்டார், தமிழ்நாடு பார்த்தது, தேசிய விருதும் வந்தது. இருக்கிற வெளிச்சத்திலேயே படமெடுத்த பாலு மகேந்திரா, சின்னத்திரைக்கும் வந்து சிறுகதைகளைப் படமாக்கிக் காட்டினார். சின்னத்திரைக்கு இது போதும் என்று அவர் நினைக்கவில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ஒரு காட்சியை யோசித்து லைட் பண்ண இருபது நிமிடம் கேட்டால் கிடைப்பதில்லை. வேலை கற்றவன் சும்மா சுவிட்ச் போடுகிறவனாகிவிட்டான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். வெளிச்சத்தைப் பற்றி இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம். தூக்கத்தைப் பற்றித்தான் இன்றைக்கு முடிவு வேண்டும்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாரம் ஆறு எபிசோடு போக வேண்டும், கையிருப்பு எபிசோடு தீர்ந்துவிட்டால் அன்று எடுத்ததை மறுநாளே ஒளிபரப்ப வேண்டிய நெருக்கடி, ஷூட்டிங் பங்களா வாடகை வேறு நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பதினாறாவது மணி நேரத்தில் எடுக்கும் காட்சிகளை நீங்களே எடிட்டில் பாருங்கள். நடிகர் வசனத்தை மறக்கிறார், நான் லைட்டைத் தப்பாக வைக்கிறேன், ஃபோகஸ் போகிறது, ஒரே ஷாட்டை நாலு தடவை எடுக்கிறோம். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்த நேரம் அங்கேதான் போகிறது.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன். பத்து மணி நேரம் கொடுங்கள். கால்ஷீட் அனுப்பும் செய்தியிலேயே முந்தின நாள் பேக்கப் ஆன நேரத்தையும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். இரவு பன்னிரண்டைத் தாண்டினால் வீடு வரை விட ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள்.

கை முறிந்த என் உதவியாளனுக்குப் பதிலாக வந்திருக்கும் பையனுக்கு 22 வயது. வீடு செங்குன்றத்தில். நேற்றும் ஒரு மணிக்குத்தான் கிளம்பினான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று சொல்லியிருந்தேன். இரண்டு இருபதுக்குப் பண்ணினான். அதுவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் செட்டில் நின்றோம்.

அடுத்த ஷெட்யூல் தொடங்குவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவன்,
சாலிகிராமம், சென்னை.