தோள்பட்டை வலிக்கிறதா என்று கேட்டவருக்கு

அன்றிரவு அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் அம்மாவுக்கும், என்னைப் பிழைக்கவைத்த அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு அது கர்ப்பத்தின் ஏழாவது வாரம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தல், விட்டுவிட்டு லேசான உதிரப்போக்கு. முதலில் பார்த்த இடத்தில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், நானும் நம்பிவிட்டேன். மறுநாள் இரவு எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

உங்களிடமும் வயிற்றைப் பற்றித்தான் சொன்னேன். என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தபடியே, "தோள்பட்டை வலிக்கிறதா அம்மா?" என்று கேட்டீர்கள். வலித்தது. படுத்தால் இன்னும் வலித்தது. கோணலாகப் படுத்துத் தூங்கியதால் வந்தது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். வயிற்றுக்குள் கசியும் இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும் என்று பிறகுதான் விளக்கினீர்கள். அப்போது விளக்கிக்கொண்டிராமல் இரத்தத்துக்கு ஆள் அனுப்பினீர்களே, என் முதல் நன்றி அதற்குத்தான்.

ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தது. கரு வலது கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. முன்பே தெரிந்தால் சிலருக்கு, கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியே போதுமாம். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன். இறங்கிக்கொண்டிருந்த இரத்த அழுத்தத்தை மயக்க மருந்து மருத்துவர் தாங்கிப் பிடிக்க, வயிற்றைக் கிழிக்காமல் 3 சிறு துளைகள் வழியாகவே அந்தக் குழாயை நீக்கினீர்கள். எனக்கு ஏற்றிய 2 யூனிட் நெகட்டிவ் இரத்தத்தைக் கொடுத்தவர்கள் யாரென்று தெரியாது. அவர்கள் கண்ணில் இம்மடல் பட வேண்டும்.

"படி ஏறியதாலோ பாரம் தூக்கியதாலோ வந்ததல்ல, நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை" என்று, நான் கேட்காமலே இரண்டு முறை சொன்னார் அறுவை மருத்துவர். இடது குழாய் நன்றாக இருக்கிறது, அடுத்த முறை நாள் தள்ளியதுமே வந்துவிடுங்கள் என்றார். அடுத்த முறை என்ற சொல்லை அன்று என்னால் தாங்க முடியவில்லை. இப்போது முடிகிறது.

செவிலியர் அக்கா, நெகட்டிவ் இரத்தம் உள்ள என்னால் அடுத்த கருவுக்குத் தீங்கு வராமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியை நினைவாகப் போட்டது நீங்கள். பிரசவ வார்டில் படுக்கை காலியாக இருந்தும் என்னை மேல்தளத்துக்கு மாற்றியதும் நீங்கள்தான். ஏன் என்று அன்று புரியவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த வார்டைக் கடந்துதான் நடந்தேன். உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.